மற்றும் பலர்

நவி மும்பை நெருளில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி பொங்கல் விழாவுக்கு ஒரு வருடம் நாடகம் போட்டோம். எனக்கு இரண்டாவது சேவகன் வேடம். வசனம் ஒன்றே ஒன்று: "உத்தரவு மன்னா!" அதற்கே திருநெல்வேலி மாமா வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ் நோட்டீஸ் வந்தது. ராஜா, மந்திரி, முதல் சேவகன் வரை பெயர் இருந்தது. என் இடத்தில் 'மற்றும் பலர்'. நான் ஒருத்தன், எப்படி சார் பலர் ஆவேன்?

அன்றிலிருந்து நாடகப் புத்தகம் கிடைத்தால் கதையை விட்டுவிட்டு, முதல் பக்கத்து 'நாடகப் பாத்திரங்கள்' லிஸ்டைத்தான் படிக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் பெரிய மாமா பெயர் சின்ன மாமாவுக்குக் கீழே இறங்கினால் என்ன ரகளை நடக்குமோ, அத்தனையும் அங்கே உண்டு.

ஷேக்ஸ்பியர் செத்து ஏழு வருடம் கழித்து, 1623-ல், அவருடைய 36 நாடகங்களைத் தொகுத்துப் போட்டார்கள். அதில் ஏழுக்குத்தான் லிஸ்ட். யார் யாருக்கு என்ன உறவு என்று மீதியில் நீங்களே துப்பறிந்துகொள்ள வேண்டியதுதான். 1709-ல் நிக்கோலஸ் ரோ என்பவர் பதிப்பித்தபோதுதான் எல்லாவற்றுக்கும் பந்தி போட்டு இலை விரித்தார். முதல் இலை ராஜாவுக்கு, கடைசி வரிசை பெண்களுக்கு. இந்த வழியில் வந்த பழைய பதிப்புகளில் ஹாம்லெட்டைப் பாருங்கள். உச்சியில் அண்ணனைக் கொன்ற ராஜா. நாடகத்துக்கே பெயர் கொடுத்த பையன் அவருக்குக் கீழே. டென்மார்க் மகாராணியோ, இடுகாட்டில் குழி வெட்டுகிற இரண்டு கோமாளிகளுக்கும் கீழே!

நம்ம ஊர் மட்டும் என்னவாம்? 1891-ல் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' எழுதினார். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைதான் மூலம், ஆனால் லிஸ்டில் ஒரு வெளிநாட்டுப் பெயர்கூடத் தப்பவில்லை. ராஜா ஜீவகன், பாண்டியன். மந்திரி பெயர் குடிலன். குடிலம் என்றால் வளைவு, கோணல், வஞ்சகம். பெயரிலேயே போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறது! நம் ஜீவகனோ அவன் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குக் கோட்டையையே மாற்றுகிறார். கூடவே இருக்கிற நாராயணன் என்ற விசுவாசி சொல்லிப் பார்க்கிறான், ஏறவில்லை. மகளையே குடிலனின் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கத் துணிகிறார். இங்கே வாடகைக்கு வீடு கேட்டால் ஆதார், பான், போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிறார்கள். பாண்டிய நாட்டுக்கு அது எட்டவில்லை.

அதே 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார் பம்மல் சம்பந்த முதலியார். ஷேக்ஸ்பியர் ஆட்களுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள். ஹாம்லெட், அமலாதித்யன். மக்பெத், மகபதி. சிம்பலைன், சிம்மளநாதன். வெனிஸ் நகரமே வாணீபுரம்! அர்த்தத்தையா பெயர்த்தார்? சத்தத்தைப் பெயர்த்தார். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், லண்டன்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அவர் எழுதிய 'மனோகரா'வில் மனோகரனாக நடித்தவர் யார்? அவரேதான். லிஸ்ட் போடுகிற பேனா கையில் இருக்கும்போது இரண்டாவது சேவகனாக யார் நிற்பார்கள்? அவர் பின்னாளில் நீதிபதியும் ஆனார் என்பதால் இந்த வழக்கை இத்தோடு விடுகிறேன்.

லிஸ்டிலிருந்து எழுந்து வந்து ஆளையே விழுங்கிய பாத்திரங்களும் உண்டு. விழுப்புரம் சின்னையா கணேசன், அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்தார். பார்த்த பெரியார் 'சிவாஜி' என்றார், அப்படியே ஒட்டிக்கொண்டது. நெருளில் மும்பைப் பக்கம் போகிற ஹார்பர் லைன் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷனுக்கு அசல் சிவாஜியின் பெயர். வண்டியில் தமிழரிடம் 'சிவாஜி' என்று சொல்லிப் பாருங்கள், கணேசன்தான் வருவார். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் நடித்த சுந்தரராஜன், பட்டாளத்துக்குப் போகாமலே ஆயுள் முழுக்க மேஜர். தேங்காய் வியாபாரியாக நடித்த ஸ்ரீனிவாசன் கடைசிவரை தேங்காய்.

தேங்காய் விற்றவருக்கே பட்டம் கிடைத்திருக்கிறது. என்னை இன்னும் ஒருவரும் 'சேவகன்' என்று கூப்பிடவில்லை. நவி மும்பையில் யாராவது நாடகம் போட்டு ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள். வேல் சொந்தமாக வைத்திருக்கிறேன். நோட்டீஸில் மட்டும் ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.