கால் முதலில், கதை பிறகு

நம் படங்களின் முதல் காட்சியில் கதை தெரியாது. மற்ற எல்லாம் தெரிந்துவிடும். புகை உயிரைக் கொல்லும், எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை, யார் யாருக்கெல்லாம் நன்றி... அப்புறம் வில்லனின் ஆட்கள் காய்கறிச் சந்தையை உடைப்பார்கள் (தக்காளி வண்டிதான் முதலில் சாயும்). தூசி பறக்கும். ஒரு செருப்பு வரும். அதற்கு ஒரு விசில். பிறகு காப்பு போட்ட கை, பின்கழுத்து. முகம் வருவதற்குள் பாப்கார்ன் பாதி காலி. அவர் யார், எந்த ஊர், எப்பேர்ப்பட்டவர் என்பதையெல்லாம் அடிவாங்கியவர்களே சொல்லிவிடுவார்கள்.

1992இல் 'அண்ணாமலை' வந்தபோது, தேவாவின் இசையோடு ரஜினியின் பட்டம் புள்ளி புள்ளியாகத் திரையில் ஒளிர்ந்தது. அறிமுகக் காட்சிக்கே ஓர் அறிமுகக் காட்சி!

'நாயகன்' (1987) மட்டும் பிழைக்கத் தெரியாத படம். கமல்ஹாசனைக் காக்க வைத்துவிட்டு, அப்பாவைக் கொன்ற போலீஸ்காரரை ஒரு சிறுவன் குத்துவதில் தொடங்குகிறது. இவன் வளர்ந்து யாருக்கு அடங்குவான், யாருக்கு அடங்கமாட்டான் என்பது சில நிமிடங்களிலேயே விளங்கிவிடும். அந்தக் கதையை இன்று யாராவது சொல்லப் போனால், தயாரிப்பாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்: "அதெல்லாம் சரி தம்பி, ஹீரோ என்ட்ரி எப்போ?"