நாலா, ஐந்தா?

கோள்கள் சூரியனை எந்தப் பாதையில் சுற்றுகின்றன என்று 1609-இல் உலகுக்குச் சொன்னவர் யோகான்னஸ் கெப்ளர். தன் கல்யாணம் எந்தப் பாதையில் போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

1611-இல் முதல் மனைவி காலமானார். வீட்டில் சின்னப் பிள்ளைகள். மறுமணத்துக்காக மொத்தம் பதினொரு வரன் பார்த்தார். முதல் பெண்மணியிடம் வாய் நாற்றம் என்று தட்டிவிட்டார். அதை ஒரு பிரபுவுக்குக் கடிதமாக வேறு எழுதி வைத்தார். நானூறு வருஷமாக ஊரே படிக்கிறது, பாவம் அந்த அம்மாள்.

நாலாவது பெண் நெட்டை, நல்ல கட்டுமஸ்து. பிடித்துத்தான் இருந்தது. அதற்குள் ஐந்தாவது வரன் வந்துவிட்டது. (ஊராருக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்தவர்தான் மனிதர். சொந்த விஷயத்தில் அது கைகொடுத்ததாகத் தெரியவில்லை.) ஐந்தாமவள் சூசன்னா, தாய் தகப்பன் இல்லாதவள், சீர்வரிசைக்கும் வழியில்லை. வேண்டியவர்கள் கூடிப் பேசி நாலாவதுக்கே தள்ளினார்கள். இவர் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போவதற்குள், காத்திருந்து சலித்த நாலாமவள் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறமும் ஆறு பேரைப் பார்த்துவிட்டு, கடைசியில் சூசன்னாவிடமே திரும்பினார். 1613 அக்டோபரில் கல்யாணம்.

கல்யாணமான கையோடு வீட்டுக்கு ஒயின் வாங்கினார். வியாபாரி பீப்பாய்த் துளைக்குள் ஒரு கோலை விட்டு எடுத்து, சட்டென்று விலை சொன்னார். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிவு சொல்ல முடியும் என்று புது மாப்பிள்ளைக்கு ஒரே சந்தேகம். உட்கார்ந்து பீப்பாய்க் கணக்குக்கென்றே ஒரு புத்தகம் போட்டார், 1615-இல்.