ஊறட்டும்: அடிப்பிடித்த பால் பாத்திரம் குறித்து ஓர் ஆய்வுரை

அடிப்பிடித்தலாவது, பால் அடுப்பிலும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வேறெங்கோவும் இருக்கும்போது நிகழ்வது. இதற்கு முதற்பொருள் சமையலறையும் காலை ஆறரை மணியும், கருப்பொருள் பால், பாத்திரம், கைப்பேசி, உரிப்பொருள் ஊடல். பொங்கலும் பாயசமும் கூட அடிப்பிடிக்குமே எனின், பிடிக்கும். ஆயினும் இத்துறையில் பாலே தலைசிறந்தமையின் அதையே எடுத்துக்கொண்டோம் என்க.

பால் 70 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது அதிலுள்ள புரதங்களில் ஒரு வகை சுருள் அவிழ்ந்து, கிடைத்த உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலில் சர்க்கரையும் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு உண்டு. புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பழுப்பேறுவதை 1912இல் லூயி கமீல் மய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலார் எழுதி வைத்தார். தோசையின் முறுகலும் அவர் கணக்கில்தான் வரும். அதற்கு மேலும் அடுப்பை அணைக்காவிட்டால் வருவது கரி. அதை விளக்க வேதியியலார் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்களே விளக்குவார்கள்.

கரி எலுமிச்சையில் கரையாது, வினிகரில் கரையாது, ஆப்ப சோடாவிலும் கரையாது. அவ்வாறாயின் இத்தனை காலமாக நாம் கரைத்தது எதனை? கரிக்கும் உலோகத்துக்கும் நடுவே அரைகுறையாய்த் தீய்ந்து கிடக்கும் புரதப் படலத்தை. அது தண்ணீரில் ஊறி உப்பும், காரத்தில் இளகும். அடி இளகிவிட்டால் மேலிருக்கும் கரி ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு பிறர் மதங்களை மறுப்போம்.

முதலில் நுரைக் கட்சியார். இவர்கள் ஆப்ப சோடாவைத் தூவி, அதன்மேல் வினிகரை ஊற்றி, பொங்கும் நுரையைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிறவர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். வேலை செய்ய வேண்டிய இரண்டு பேரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஓய்ந்தாயிற்று; கரி இருந்த இடத்தில் இருக்கிறது. நுரை அழுக்கைக் கிளறிவிடுமே எனின், அதைக் கரண்டியாலும் செய்யலாம்.

புளிக் கட்சியார் மூத்தவர்கள், மரியாதைக்குரியவர்கள். பித்தளை, செம்பில் ஏறும் களிம்பைப் புளியின் டார்டாரிக் அமிலம் கரைத்துவிடும் என்பதில் ஐயமில்லை. குக்கரின் உட்புறம் உப்புத்தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவுக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோலே போதும். ஆனால் தீய்ந்த பால், களிம்பும் அன்று, சுண்ணாம்பும் அன்று. குத்துவிளக்கில் பெற்ற வெற்றியை வைத்துப் பால் பாத்திரத்துக்கு வாதாடுவது பொருந்தாது.

சோடாக் கட்சியார் சொல்வது பாதி சரி. பச்சைத் தண்ணீரில் ஆப்ப சோடா மிக மென்மையான காரம். கொதிக்கவிட்டால் கரியமில வாயு பிரிந்து போய், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவாக மாறும். அப்போதுதான் அதற்குப் பல் முளைக்கிறது. ஆகவே தூவுதல் அன்று, கொதிக்க வைத்தலே விதி. அலுமினியச் சட்டிக்கு மட்டும் இது ஆகாது. காரம் பட்டால் அது கறுத்துப்போகும். அந்தக் கறுப்பைப் போக்கப் புளித்தண்ணீர்தான். தக்காளி ரசம் வைத்தபின் அலுமினியச் சட்டி உள்ளே பளிச்சென்று இருப்பதும் இதனால்தான். அதிலிருந்த கறுப்பு எங்கே போயிற்று என்று ரசம் சாப்பிட்டவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தவர்களுக்கு இந்தச் சண்டை எதுவும் இல்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. அது பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சற்றே சோப்பாக்கும், சொரசொரப்பு மீதியைச் சுரண்டும். எரிவாயு வந்து சாம்பல் போனது. அப்புறம் அதே வேலைக்குப் பொட்டலத்தில் பொடி வாங்கினோம்.

இனி 'ஊறட்டும்' என்னும் பெருங்கோட்பாடு. பாத்திரத்தைத் தீய்த்தவரே பெரும்பாலும் இதை மொழிகிறார். ஊறியபின் தேய்ப்பவர் வேறொருவர். இரவு முழுதும் ஊற வேண்டுமோ எனின், வேண்டா. சோடாத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, மரக்கரண்டியால் தள்ளினால் பெரும்பகுதி வந்துவிடும். பின் ஏன் இரவு முழுதும்? அது பாத்திரத்தின் தேவையை ஒட்டி வகுத்த கால அளவன்று. காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் நேரத்தை ஒட்டி வகுத்தது.

அவர் வருகிறார். தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியைப் பார்க்கிறார். "ஏம்மா, அப்பவே தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சிருந்தா நான் இம்புட்டு நேரம் கம்பி நாரை வச்சுக் கெடந்து தேய்க்கணுமா?" இவ்வாய்வுரையில் சொன்னவை எல்லாம் இதில் அடக்கம். ஆனால் அவர் பேரைச் சொல்லி மேற்கோள் காட்டும் வழக்கம் ஆய்வுலகில் இல்லை. கம்பி நாரின் கீறல்களில் அடுத்த பால் இன்னும் இறுகப் பிடிக்கும் என்பதும் அவர் அறிந்ததே. கம்பி நாரை வாங்கி வைத்தது அவர் அல்லர்.

புறனடை: ரசம் வைக்கும் ஈயச்சொம்பு மேற்கூறிய விதி எதற்கும் உட்படாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவது. ரசம் வற்றியபின்னும் எரிந்தால் சொம்பே உருகி வழிந்து பர்னரில் இறங்கிவிடும். அப்போது துலக்க வேண்டியது அடுப்பை.