ஜவ்வுக்குப் பயந்த மாப்ளை

வாப்பா மாப்ளே. இடுப்புல பெல்ட்டு, கக்கத்துல ஸ்கேன் கவரு, துவாரபாலகர் கணக்கா விறைச்சுக்கிட்டு வர்றியே, ஊர்ல கும்பாபிஷேகமா? தூணைப் பிடிச்சு மெதுவா உக்காரு.

எடு படத்தை. இடுப்புக்கிட்ட எல்4-எல்5 எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கியிருக்கு, உடனே கத்தி வைக்கணும்னுட்டாகளா? வலியே இல்லாத மூவாயிரம் பேரோட படத்தை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து 2015ல எழுதியிருக்காகளாம். பிசியோதெரபி படிக்கிற என் பேத்தி வாசிச்சுக் காட்டினா. இருபது வயசுக்காரன்லயே நூத்துக்கு 30 பேருக்குப் பிதுக்கம். எம்பது வயசுல 84. எனக்கும் பிதுங்கித்தான் கிடக்கும். நான் படம் எடுக்கலை, அதான் வலிக்கலை.

ஜவ்வுன்னா நொங்குன்னு வச்சுக்க. சுத்தி நார், நடுவுல கொழகொழ. நார் கிழிஞ்சு உள்ள இருக்கிறது வெளிய வந்து நரம்பைத் தொட்டா, குண்டியில பிடிச்சுக் கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுக்கும். ஆனா வெளிய வந்ததை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு கரைச்சிரும். பெருசாப் பிதுங்கி வந்ததுதான் நல்லாக் கரையுமாம். முக்காவாசிப் பேருக்கு ஆறுலருந்து பன்னெண்டு வாரத்துல வலி தணிஞ்சிரும். அதுவரைக்கும் மாத்திரை, ஒத்தடம், நடை. தாங்கவே முடியலைன்னா முதுகுல ஊசி. அந்த ஊசி ஜவ்வை உள்ள தள்ளாது. வீக்கத்தை அமத்தி கொஞ்ச நாள் மூச்சுவிடக் குடுக்கும், அம்புட்டுத்தான்.

நீ என்ன பண்ணின? மூணு வாரம் மெத்தையை விட்டு இறங்கலை. ஒருநா ரெண்டுநா படுத்தா வைத்தியம், அதுக்கு மேல படுத்தா விருந்தாடி. சோறு கட்டிலுக்கே வருதுல்ல!

உங்கம்மா வேற, கால் முந்திப் பொறந்தவ மிதிச்சா சரியாப்போகும்னு உங்க அத்தையைக் கேட்டு ஆள் விட்டிருக்கா. சுளுக்குன்னாலே யோசிக்கணும், இது நரம்பு. அத்தை எழுபத்தெட்டு கிலோ, மாப்ளே.

1956ல நியூசிலாந்துல மெக்கன்சின்னு ஒரு பிசியோகாரர். கால் வலிக்காரனைக் கட்டில்ல குப்புறப் படுன்னு சொல்லிட்டு வேற வேலையாப் போயிட்டாரு. கட்டிலோட தலைமாடு தூக்கி இருந்திருக்கு. முதுகு பின்னால வளைஞ்சு கிடந்தவன், கொஞ்ச நேரங்கழிச்சு கால் வலி விட்டிருச்சுன்னானாம். தற்செயலா, பின்னால வளையிற பயிற்சின்னு ஒரு வைத்தியமே பொறந்திருச்சு! வலி காலை விட்டு நடு முதுகுக்கு ஏறினா நல்ல குறி. கீழ இறங்கினா அந்தப் பயிற்சி உனக்கு ஆகாது, நிப்பாட்டிரு. எல்லாருக்கும் பின்னால வளையிறது ஒத்துக்காது. பிசியோகாரர் பார்த்துச் சொல்லட்டும், செல்போன்ல பார்த்து வளையாத.

இதுவரைக்கும் சிரிச்சுச் சொன்னேன், இதைச் சிரிக்காமக் கேளு. ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, தன்னால போனாலோ, உக்கார்ற இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராம இழுத்தாலோ, பயிற்சியும் வேணாம் பாட்டன் பேச்சும் வேணாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி. அப்பக் கத்தி வேணும்னா வேணும்தான். நடுச்சாமம்னாலும் என்னை எழுப்பு, வண்டி பிடிச்சுத் தர்றேன்.

சரி, உக்காந்தது போதும், எந்திரி. கம்மாக்கரைக் கடையில வெத்தலை வாங்கிட்டு வா. பக்கத்துக் கடையில வாங்கினா வாசத்துலயே கண்டுபிடிச்சிருவேன். பைக்குச் சாவி என்கிட்ட இருக்கு.