அவள் பார்த்துக்கொள்வாள்

ஆஸ்திரேலியாவில் எது கெட்டுப்போனாலும் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: "ஷீ வில் பி ரைட், மேட்." நடுவழியில் கார் நின்றாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். அந்த 'ஷீ' எந்தப் பெண்ணையும் குறிக்காது, வெறும் பேச்சுவழக்கு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இங்கே சில கோடைகளைக் கழித்த பிறகு எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை போய்விட்டது. அந்த 'ஷீ' யாரென்று எனக்குத் தெரியும். சமையலறையில் சாலட் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

மேற்கு சிட்னியில் ஒரு டிசம்பர் ஞாயிறு. வெயில் நாற்பதைத் தொடுகிறது. வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் பார்பெக்யூ போடுகிறார். ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் பியர். சாசேஜைத் திருப்புகிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் திருப்புகிறார். நாலு ஆண்கள் கைகட்டிச் சுற்றி நின்று, ஹோமகுண்டத்தைப் பார்ப்பதுபோல் அந்த அடுப்பைப் பார்க்கிறார்கள். இறைச்சி முந்தின இரவே மசாலாவில் ஊறியது, உருளைக்கிழங்கு வெந்தது, பாவ்லோவா கேக்குக்கு முட்டை வெள்ளைக்கரு நுரைத்தது, பிள்ளைகளைத் துரத்திப் பிடித்து சன்ஸ்கிரீன் பூசியது, மாமியாருக்கு நிழலில் நாற்காலி வந்தது, இதெல்லாம் தானாக நடந்தவை. மழை பெய்கிற மாதிரி. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இடுக்கிக்காரரின் கைமணத்தைப் பாராட்டுகிறார்கள். அவரும், பாவம், களைத்துப்போய் இன்னொரு பியரைத் திறக்கிறார்.

கடற்கரைக்குப் போனாலாவது அவளுக்கு விடுதலை உண்டா என்றால், அங்கே அளவுநாடா காத்திருந்தது. ஆப் லெய்ட்லா என்றொரு கடற்கரை ஆய்வாளர், 1960களின் தொடக்கத்திலும், சிட்னியின் பாண்டை கடற்கரை மணலில் பெண்களின் நீச்சலுடையை அளந்து, துணி போதாதவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார். நகராட்சிச் சம்பளத்தில் இப்படியும் ஒரு உத்தியோகம்! உயிர்காப்பு சங்கங்களோ பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1980இல்தான். அலையில் சிக்கியவரை இழுத்துவர உடல்வலு போதாதாம். சங்கத்துக்கு நிதி திரட்டவும், நீந்திக் களைத்த வீரர்களுக்கு சாண்ட்விச் அடுக்கவும் மட்டும் அதே உடலில் வலு தாராளமாக இருந்தது.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. தீக்கு வருவோம்.

2019-20 கோடையில் காடு எரிந்தது. 33 பேர் இறந்தார்கள், 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் குடும்பத்தோடு ஹவாயில் விடுமுறையில் இருந்தார். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, நான் தண்ணீர்க்குழாய் பிடிக்கிற ஆள் இல்லையே என்றார். நியாயம்தான். பிறகு ஜனவரியில், எரிந்துபோன கோபார்கோ ஊருக்கு வந்து ஒரு இளம்பெண்ணிடம் கைநீட்டினார். தீயணைப்புப் படைக்குக் கூடுதல் பணம் தந்தால் கைகொடுக்கிறேன் என்றாள் அவள். அவர் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த அவள் கையைத் தானே எடுத்துக் குலுக்கினார். குலுக்கி முடிந்ததும் திரும்பி நடந்தார். இன்னும் உதவி வேண்டும் என்ற அவள் குரல் அவர் முதுகில் பட்டது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்தக் கோடையோடு 'மீள்திறன்' என்ற சொல் அமைச்சர்கள் வாயில் குடியேறியது. விழுந்தாலும் தானே எழுந்துவிடும் திறனாம். உதவி கிடையாது என்பதை இதைவிட நாகரிகமாக யாரும் சொன்னதில்லை. 2021இல் அந்தச் சொல்லைப் பெயரிலேயே சூடிக்கொண்டு ஒரு தேசிய முகமை பிறந்தது. அடுத்த ஆண்டே அதை இன்னொன்றோடு கலந்துவிட்டார்கள். முகமைக்கே மீள்திறன் போதவில்லை.

பெண்களிடம் அது எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்பதற்கு விக்டோரியா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 2009 பிப்ரவரி 7, 'கறுப்புச் சனி' என்று பெயர் பெற்ற நாள். காட்டுத்தீயில் 173 பேர் பலி. தீ அணைந்த பிறகு டெப்ரா பார்க்கின்சன் என்ற ஆய்வாளர் அந்தப் பகுதியில் 30 பெண்களிடம் பேசினார். பாதிக்கும் மேற்பட்டவர்கள், வீட்டு ஆணின் கையில் அடியும் மிரட்டலும் பட்ட கதையைச் சொன்னார்கள். சில வீடுகளில் தீக்கு முன்பு அப்படி எதுவும் நடந்ததில்லை. உதவி கேட்டுப் போனவளுக்குக் கிடைத்தது புத்திமதி: அவர் என்னவெல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், கொஞ்சம் பொறுத்துப் போ, சரியாகிவிடுவார். ஊரைக் காப்பாற்றியவன்மேல் யார் புகார் எழுதுவார்கள்? அதே தீயை அவளும்தான் பார்த்தாள். பிள்ளைகளைக் காரில் அடைத்துக்கொண்டு புகைக்குள் ஓட்டினாள். அதற்கு மட்டும் அதிர்ச்சி என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாரிசனுக்கு மறுபடியும் ஒரு கோடை வந்தது. 2021 பிப்ரவரியில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே தான் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக ஒரு முன்னாள் பெண் ஊழியர் சொன்னார். பிரதமர் ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் வந்து, இதை முதலில் ஒரு தகப்பனாக யோசித்துப் பாருங்கள் என்று மனைவி ஜென்னி சொன்னதாகச் சொன்னார். சாலட் மட்டுமில்லை, மனசாட்சியும் சமையலறையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது!

அடுத்த மாதம், மார்ச் 15 அன்று, நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கான்பெராவில் அவர்கள் நாடாளுமன்ற வாசலிலேயே நின்றார்கள். பிரதமர் வெளியே வரவில்லை. உள்ளே எழுந்து, இங்கிருந்து அதிக தூரமில்லாத நாடுகளில் இப்படிப்பட்ட பேரணிகளைத் தோட்டாக்கள் எதிர்கொள்கின்றன, நம் நாட்டில் அப்படி இல்லை என்று பெருமைப்பட்டார்.

உண்மைதான், யாரும் சுடப்படவில்லை. பேரணி முடிந்தது. பதாகையைச் சுருட்டிக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு, பள்ளி விடுகிற நேரமாயிற்றே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி அவர்கள் கிளம்பினார்கள்.