முதுமை ஆய்வுக்கு ஒரு முன்மொழிவு

பெறுநர்: ஆயுளை நீட்டிக்கப் பணம் ஒதுக்கியிருக்கும் கனவான்கள்
அனுப்புநர்: திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்வோர்

ஐயா,

சாவைத் தள்ளிப்போடப் பெரும் பணம் திரண்டிருக்கிறது என்று அறிந்து இதை எழுதுகிறோம். 2013இல் கூகுள் ‘கலிகோ’வைத் தொடங்கியது. 2022இல் ‘அல்டோஸ் லாப்ஸ்’ 300 கோடி டொலருடன் கடை திறந்தது. சவூதி அரேபியாவின் ‘ஹெவல்யூஷன்’ ஆண்டுக்கு 100 கோடி டொலர் வரை செலவிடத் தயார் என்றது. 1993இல் சிந்தியா கென்யனின் குழு, ஒரே ஒரு மரபணு பழுதான ஒரு மில்லிமீற்றர்ப் புழு இரண்டு மடங்கு காலம் வாழ்வதைக் காட்டியது. அன்றிலிருந்து புழுவுக்கும் எலிக்கும் வாரி இறைத்த உங்களிடம், மனிதர்மீது நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிசோதனைக்குச் சிறுதொகை கேட்கிறோம். இலங்கை அரசு அதைத் தன் செலவிலேயே தொடங்கிவிட்டது. முடிவை எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

ஆய்வுக் களம்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது. ஒரு கரையில் கடற்படைத் தளம், மறு கரையில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் விட்டுப்போன அந்த 99 தாங்கிகளில் பல முதுமையில் தளர்ந்தவை. துரு, வெடிப்பு, சுற்றிலும் காடு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கியதையும் கண்டவை. இந்தக் கிழங்களுக்கு இன்று எத்தனை மாப்பிள்ளைகள்! 2022 ஜனவரியில் இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று பங்கு பிரித்தார்கள். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் வந்து சேர்ந்து, மூன்று நாடுகளாகத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கக் கையெழுத்திட்டன. இங்கே வயதானாலும் கவனிப்புக் கிடைக்கும். இரும்பாய்ப் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தசையும் எலும்புமாய்ப் பிறந்து எழுபதைத் தாண்டிய ஏழைக்கு மாதம் 5,000 ரூபாய். அதுவும் 2025இல்தான் 3,000இலிருந்து ஏறியது.

ஆய்வுக்கு உட்படுவோர்

காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார். 2017 மார்ச்சிலிருந்து படங்களை ஏந்தித் திருகோணமலைத் தெருவோரம் போராடுகிறவர்கள்.

இவர்களைத் தேர்ந்தமைக்கு அறிவியல் காரணம் உண்டு. எலிசா எப்பலும், பின்னர் 2009இல் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்னும் 2004இல் 58 தாய்மாரின் டெலோமியரை அளந்தார்கள். நிறமூர்த்தத்தின் நுனியில் இருந்து அதைக் காக்கும் பகுதி அது. வயது ஏற ஏறத் தேயும். அந்தத் தாய்மாரில் பலர் தீராநோயுற்ற பிள்ளையைப் பராமரித்தவர்கள். மன அழுத்தம் மிகுந்த தாய்மாருக்கு, அழுத்தம் குறைந்தவர்களைவிடக் குறைந்தது பத்து ஆண்டு கூடுதலாக மூத்த உடம்பில் இருக்கும் அளவுக்கு டெலோமியர் தேய்ந்திருந்தது.

அந்தப் பிள்ளைகள் நோயோடாவது கண்ணெதிரே இருந்தார்கள். எங்கள் அம்மாமாருக்குப் பிள்ளை எங்கே என்பதே தெரியாது. போரின் முடிவில் தம் கையாலேயே படையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவர்களும் இவர்களில் உண்டு. இப்படி ஒரு குழு கலிபோர்னியாவில் எந்தப் பணத்துக்கும் கிடைக்காது. விரைந்து வாருங்கள். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் போராட்டத்தில் உட்கார்ந்த பெற்றோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள்.

ஒப்பீட்டுக் குழு

முதுமையே அடையாதவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். அதற்கான முறை 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரைக் காந்தி சிலைக்குப் பக்கத்தில் செய்துகாட்டப்பட்டது. ஐந்து மாணவர்கள். இருபது வயதோடு அவர்களுக்கு வளர்ச்சியும் இல்லை, நரையும் இல்லை, மூட்டு வலியும் இல்லை. அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. துப்பாக்கிக் காயங்களைப் படமெடுத்து வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜனுக்கும் அதே மாதம் 24ஆம் திகதி அதே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஓகஸ்ட் 4இல் மூதூரில் ‘பட்டினிக்கெதிரான அமைப்பின்’ ஊழியர்கள் 17 பேருக்கு மொத்தமாக. 2019 ஜூலையில் மாணவர் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுதலை. ஆகவே இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யாரென்று நாட்டுக்கு இன்னும் தெரியாது. நோபல் குழுவுக்குப் பெயர் அனுப்ப முடியாமல் இருப்பது இதனால்தான்.

ஆய்வு முறை

காக்கவைத்தல். 2010இல் ஓர் ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2018இல் காணாமல்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் அதே கதிரை, அதே படிவம், ‘கடைசியாக எப்போது கண்டீர்கள்?’ என்ற அதே கேள்வி. 2015 நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. செயற்குழு எங்கள் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு முகாம் இருந்ததை நேரில் கண்டு உலகுக்குச் சொன்னது. அடுத்து என்ன நடந்தது? அம்மாமாருக்கு வயது ஏறியது. 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார், விசாரணைக்குப் பின் இறப்புச் சான்றிதழ் தரலாமாம். 2022இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை ஓர் இலட்சம் ரூபாய் என்றார்கள். முறைப்பாடு செய்தவர் செத்தால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும் என்பது இந்தப் பரிசோதனையின் கருதுகோள். இதுவரை அது பொய்த்ததில்லை.

மரபணுவுக்கு வருவோம். இழைமணி டி.என்.ஏ. தாய்வழியாகவே பிள்ளைக்கு வரும். நாளை மண்ணிலிருந்து ஓர் எலும்பு எழுந்தால் அது யாருடைய மகன் என்று சொல்ல உதவும் சாட்சி அம்மாவின் உமிழ்நீரில் இருக்கிறது. அவர் போனால் சகோதரங்களைத் தேட வேண்டும். அவர்களில் பலர் கனடாவிலும் பிரான்சிலும். உறவினருக்கென ஒரு மரபணு வங்கி வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே கிடக்கிறது. மன்னார்ப் புதைகுழியின் எலும்புகளுக்கு வயது பார்க்க மட்டும் மாதிரிகள் புளோரிடாவரை பறந்தன; பல நூறு ஆண்டுப் பழையவை என்று 2019இல் பதில் வந்ததும் கொழும்பு பெருமூச்சு விட்டது. 2025 ஜூலையில் சம்பூர்க் கரையோரம் கண்ணிவெடி அகற்றியவர்கள் மனித எச்சங்களைக் கண்டார்கள். எலும்பை அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பும் நாட்டுக்கு, உயிரோடு இருக்கும் அம்மாவின் கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்துவைக்க வசதியில்லை.

செலவு

பஞ்சுக்குச்சி, உறைகுளிர்ப்பெட்டி, மின்சாரம் நின்றால் ஓட ஒரு மின்பிறப்பாக்கி. உண்மையைச் சொல்லும் அதிகாரி இதில் சேரவில்லை. அது அரசின் பங்கு. பல பத்தாண்டுகளாக நிலுவையில் நிற்கிறது.

எதிர்பார்க்கும் பயன்

உங்கள் மருந்து வெற்றி பெற்றால் முதல் வேளையை இந்த அம்மாமாருக்குக் கொடுங்கள். வாழும் ஆசையால் கேட்கவில்லை. இவர்கள் எப்போது சாவார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் அரசாங்கம் ஏமாற வேண்டும்.

இரண்டாம் வேளையை ஆணையிட்டவர்களுக்கும் மறைத்தவர்களுக்கும் கொடுங்கள். பதக்கமும் ஓய்வூதியமுமாக, பேரப்பிள்ளைகள் சூழ, கட்டிலில் நிம்மதியாகச் சாக அவர்களை விட்டுவிடாதீர்கள். நல்ல கண், நல்ல காது, தெளிந்த ஞாபகம் எல்லாவற்றையும் அவர்களுக்கு நீட்டித்துக் கொடுங்கள். குற்றவாளிக் கூண்டில் நீண்டநேரம் நிற்கக் காலிலும் தெம்பு வேண்டும்.