அழிக்காமல் மறைத்தல்: தோட்டப்புறக் குடும்பப் படங்களில் லேயர் மாஸ்க் குறித்த ஒரு முன்னாய்வு

போட்டோஷாப் மென்பொருளில் லேயர் என்னும் அடுக்குமுறை 1994-இல், மூன்றாம் பதிப்பில் வந்தது. அடுக்கில் எதையும் அழிக்காமல், வேண்டாத பகுதியை மறைத்து மட்டும் வைக்கும் லேயர் மாஸ்க்கும் அதை ஒட்டியே புழக்கத்துக்கு வந்தது. இதுவரை அறிஞர்களிடையே சச்சரவு இல்லை. ஆனால் இவ்வுத்தியின் தத்துவம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் வேரூன்றிவிட்டது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கலிஃபோர்னியாவில் அடோபி நிறுவனத்தார் சிலர் கோபித்துக்கொள்ளலாம். ஆய்வு நேர்மை அதையெல்லாம் பார்ப்பதில்லை.

சான்று வருமாறு. அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். பால் வந்தது, மரம் சீரழிந்தது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி வேறு வழி கண்டார். பட்டையை மெல்லச் சீவ வேண்டும். அடுத்த முறை புதிதாகக் கொத்தாமல் அதே வெட்டின் விளிம்பை மறுபடி திறக்க வேண்டும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொடக் கூடாது. படலம் பிழைத்தால் பட்டை திரும்ப வளரும். ரப்பர் பயிரிடச் சொல்லி எல்லாரையும் நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியவர் இவர். இன்றைக்குப் போட்டோஷாப் வகுப்புகளில் 'மூலத்தைச் சேதப்படுத்தாத திருத்தம்' என்று மந்திரம் போல ஓதுகிறார்களே, அதன் மூலவர் இவரே. இருட்டோடு எழுந்து நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய்ச் சீவியவர்களின் வெட்டைப் பிற்பாடு விரலால் தடவிப் பார்த்து, "மரத்துக்குக் காயம் போட்டிருக்கியே!" என்று சத்தம் போட்ட மண்டோர் இம்மரபின் முதல் விமர்சகர். சீவலாம், சிதைக்கக் கூடாது. லேயர் மாஸ்க்கின் இலக்கணமும் இதுதான்.

மாஸ்க் என்பது அடுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை பூசிய இடத்தில் அடுக்கு தெரியும், கருப்பு பூசிய இடத்தில் தெரியாது, சாம்பல் பூசினால் அரைகுறையாகத் தெரியும். வழக்கமான எட்டு பிட் கோப்பில் கருப்பு 0, வெள்ளை 255. கை தவறினால் எக்ஸ் விசையைத் தட்டி நிறத்தை மாற்றிக்கொண்டு மறுபடி பூசலாம். அவ்வளவே. இது விளங்கவில்லை என்பவர்களில் பெரும்பாலோர், மாஸ்க்கைச் சொடுக்காமல் படத்தைச் சொடுக்கி, மாமியார் முகத்தின் மேலேயே கருப்பைப் பூசியவர்கள்.

இனி ஆய்வுப்பொருள். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு வரும் வேலைகளில் தலையாயது, காலமான தாத்தாவைப் பேரன் கல்யாணப் படத்தில் நிற்க வைப்பது. தாத்தாவுக்கு இருப்பதோ ஒரே படம், ஐ.சி. படம். மலாயா அவசரகாலத்தில், 1948 முதல், 12 வயது நிரம்பிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கட்டாயமானது. படம் பிடித்துக்கொள்ள நேரமும் காசும் இல்லாதிருந்த மனிதர்களை அரசாங்கமே உட்கார வைத்துப் பிடித்தது. கம்யூனிஸ்டுகளைச் சலித்தெடுக்க எடுத்த அந்தப் படம், பேரன் கல்யாணத்தில் மணமேடை ஏறும் என்று அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதில் தாத்தா தோள் வரைதான். மீதியை ஸ்டூடியோக்காரர் சேர்க்க வேண்டும். எங்கிருந்தோ கிடைத்த ஒரு கோட்டு கீழ் அடுக்கில். தாத்தா முகம் மேல் அடுக்கில். மாஸ்க்கைச் சொடுக்கி, மென்மையான விளிம்புள்ள பிரஷ்ஷை முப்பது விழுக்காடு அடர்த்தியில் வைத்து, தாடைக்குக் கீழே கருப்பைத் தடவித் தடவிக் கழுத்தைக் காலருக்குள் இறக்குவார். பிரஷ் கொஞ்சம் கடினமாகப் போனால் தலையைக் கத்தரித்து ஒட்டியது தெரியும். ரொம்ப மென்மையானால் தொண்டையைச் சுற்றிப் புகை கிளம்பும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது. அதைக் கண்டவர் கையில் இருப்பது கலை. கோட்டு என்றால் துரை போடுவது என்றே வாழ்ந்து முடித்தவர் இப்படி டையோடு வந்து நிற்பார். படத்தைக் கையில் வாங்கிய பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யாரு இது, கிராணியாரா?" என்று கேட்பது இத்துறையில் மதிப்பீட்டு முறையாகவே கொள்ளத்தக்கது.

மாஸ்க் போடுவதில் மிகக் கடினமானது தலைமுடி என்பது உலகறிந்தது. அடோபி நிறுவனம் 2016-இல் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' என்று இதற்குத் தனி அரங்கமே திறந்தது. நம் பாட்டிமார் அதற்கு வெகு முன்பே தீர்வு கண்டுவிட்டார்கள்: தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைத்துப் படிய வாரிக் கொண்டை போட்ட தலைக்கு விளிம்பு கோடு போட்டது போல நிற்கும். பேனா கருவியால் ஒரே சுற்று, வேலை முடிந்தது. அதே குடும்பத்தில் ஷாம்பு போட்டு முடியைக் காற்றில் விட்ட பேத்திக்கு ஸ்டூடியோக்காரர் மதியச் சோற்றையும் மறக்க வேண்டும். எனவே விதி: மாஸ்க்குக்குத் தேவைப்படும் உழைப்பு, தலையில் உள்ள எண்ணெயின் அளவுக்கு எதிர் விகிதத்தில் அமையும். இதுவரை எவரும் இதை மறுக்கவில்லை. எவரும் கேள்விப்படவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

பின்னணியிலும் சிக்கல் உண்டு. தோட்டம் கைமாறிச் செம்பனையாகி, செம்பனை தாமானாகி, சனங்கள் செனவாங் பக்கம் குடிபோன பிறகு, "பழைய லயத்து முன்னாடி நிக்கிற மாதிரி போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்கிறார்கள். லயத்துப் படம் கிடைக்கிறது, ஆனால் வானம் வெளிறிக் கிடக்கிறது; நீலமாக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலையுதிர்க்கும் பருவத்தில் எடுத்த படமாயிருந்தால் மொட்டைக் கிளைகளின் ஒவ்வொரு சந்திலும் வானம். கையால் பூசப் புகுந்தவர் தொலைந்தார். நீலச் சேனலை நகலெடுத்து, கருப்பு வெள்ளையை அழுத்திக் கூட்டி, அதையே மாஸ்க்காக்கத் தெரிந்தவர் பிழைத்தார்.

அடுத்தது உறவுமுறை, ஆய்வின் மையமே இதுதான். "அந்தாளு இந்தப் படத்துல இருக்கக் கூடாது" என்று ஒருவர் வருகிறார். அந்தாள் என்பது பெரும்பாலும் தாய்மாமன். காரணம் நகையாக இருக்கலாம், கோயில் கமிட்டியாக இருக்கலாம். நல்ல ஸ்டூடியோக்காரர் மணமேடையைக் காலியாகவும் ஒரு படம் எடுத்து வைத்திருப்பார். அது கீழ் அடுக்கு, குடும்பம் மேல் அடுக்கு. மாமன் நிற்குமிடத்தில் கருப்பு. வாழைமரமும் ஜோடனையும் இருக்கின்றன, மாமன் இல்லை.

பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் பத்திரிகை மட்டும் வைத்தோம் என்ற நிலையில் உள்ள உறவுக்கு, கோட்பாட்டளவில், 128 என்ற சாம்பலே பொருத்தம். மாமன் நிற்பார், அவரை ஊடுருவி வாழைமரமும் தெரியும். உறவின் நிலவரத்தை இதைவிட நேர்மையாக எந்தப் படமும் காட்டாது. ஆனால் அப்படி ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்ட எந்த வீட்டிலும் ஆணி இல்லை.

இங்கே அழிப்பான் சாராரும் மாஸ்க் சாராரும் பிரிகிறார்கள். முன்னவர்கள் மாமனை ஒரேயடியாகத் துடைத்துவிட்டுக் கோப்பை மூடுபவர்கள், கோடரிக்காரர்கள். ஆனால் தோட்டப்புறத்துச் சண்டை எதுவும் நிரந்தரமன்று. ஏதாவது ஒரு சாவு வீட்டில் முடிந்துவிடும். மறு வாரமே அதே ஆள் ஸ்டூடியோ வாசலில்: "மாமாவத் திரும்பப் போட்டுடுங்க." மாஸ்க் வைத்திருப்பவர் ஷிஃப்டை அழுத்தி மாஸ்க்கைச் சொடுக்குகிறார், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது, மாமன் வந்துவிட்டார். அவசரத்தில் கண்ட்ரோலும் ஐயும் தட்டிவிட்டால் கருப்பு வெள்ளையாகி, வெள்ளை கருப்பாகி, மொத்தக் குடும்பமும் மறைந்து, காலி மணமேடையில் மாமன் மட்டும் வேட்டி மடிப்போடு நிற்பார். மாமன் தரப்பு இதற்கு இரண்டு பிரதி கேட்கும்.

ஜேபெக்காக மட்டும் சேமித்தவர் பாடுதான் திண்டாட்டம். ஜேபெக்குக்கு அடுக்கும் தெரியாது, மாஸ்க்கும் தெரியாது. எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நீட்டி மாமனைக் கேட்டால் அவர் எங்கிருந்து வருவார்? ஆகவே பிஎஸ்டி கோப்பை இரு தரப்பும் சமாதானமாகும் வரை வைத்திருப்பது ஸ்டூடியோக்காரரின் கடமை என்று பரிந்துரைக்கிறோம். வன்தட்டு நிறைவது வேறு பிரச்சினை. கூலிப் பிரச்சினையும் இருக்கிறது. மறைத்ததற்கு மறுபேச்சில்லாமல் வெள்ளியை எண்ணி வைத்தவர், திரும்பக் கொண்டுவந்ததற்குக் கேட்டால், "இருந்த ஆளத்தானே போட்டீங்க, இதுக்கும் காசா?" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறார்.